சுத்த மத்யமம் தேடிய குழல்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், நாகசுரத்தின் குணம் ஒன்று பாடம் படிக்காமலே பிடிபட்டுவிடும். காளி, குறத்தி, குரங்கு, ராஜா என்று வேஷம் கட்டிய தசரா குழுக்கள் ஊர் ஊராகக் காணிக்கை பிரித்துவிட்டு வந்து சேர்கின்றன. தவில் ஒரு பக்கம், பம்பையும் உறுமியும் ஒரு பக்கம், கடைகளின் ஒலிபெருக்கி இன்னொரு பக்கம். பத்தாம் நாள் இரவு மகிஷாசுர சம்ஹாரம் நடப்பதோ கடற்கரையில். அலையின் இரைச்சல் வேறு. இவ்வளவு சத்தத்துக்கும் மேலே ஏறி நின்று ஒரு குட்டைக் குழல் தன் பாட்டைக் கேட்கவைக்கிறது. அதுதான் திமிரி. நாகசுரக் குடும்பத்தில் நீளம் குறைந்தது, சுருதி கூடியது.

இதே நெல்லைச் சீமையில், சேரன்மகாதேவியைத் தாண்டி அம்பாசமுத்திரம் போகிற வழியில், தாமிரபரணிப் பாசனத்து வயல்களுக்கு நடுவே காருகுறிச்சி இருக்கிறது. 1921இல் அங்கே பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குச் சீடராகி, பிறகு கோவில்பட்டியில் குடியிருந்து, நாற்பத்து மூன்று வயதளவில் 1964இல் மறைந்தார். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைப்பில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு வாசிக்கிற ஆபேரி ராக நாகசுரம் அவருடையது. தமிழ்நாட்டில் நாகசுரம் என்றதும் முதலில் அந்தப் பாட்டை நினைப்பவர்கள் இன்றும் அதிகம். அவர் வாசித்த பாணி, குருவிடமிருந்து வந்த பாரி நாகசுரப் பாணி: நீண்ட குழல், இறங்கிய சுருதி, அவசரமில்லாத ராக ஆலாபனை.

இரண்டும் நாகசுரம்தான். துளைகள் ஒரே மாதிரி, ஊதுமுனையில் செருகும் சீவாளி ஒரே புல், ஊதும் முறையும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் தசரா மேளக்காரர் பாரியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகமாட்டார். கச்சேரி வித்வான் திமிரியில் தோடி ஆலாபனை செய்ய முன்வரமாட்டார். தொழில்முறைக் கலைஞர் ஒருவர் தனக்கான வாத்தியத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது. நல்ல குழல் என்று தனியாக ஒன்று கிடையாது என்பது என் கருத்து. குழலும், அதன் வாயில் செருகிய சீவாளியும், ஊதுகிறவரின் வாயும், ஊதுகிற இடமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பதே கேள்வி. இயற்பியல் அதைத்தான் சொல்கிறது. பரம்பரை நாயனக்காரர்களும் அதையே வேறு சொற்களில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

முதலில் குழலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நாகசுரத்தின் உடலை உலவு என்பார்கள். அதன் உள்துளை மேலே ஒடுங்கி, கீழே வர வர அகன்று, அனசு என்ற விரிந்த வாயில் முடிகிறது. அதாவது உள்ளே இருக்கும் காற்று கூம்பு வடிவத்தில் இருக்கிறது. இந்த வடிவம்தான் நாகசுரத்தின் குணத்தில் பாதியைத் தீர்மானிக்கிறது. ஒரே அகலம் கொண்ட, ஒரு முனை அடைத்த குழாயில் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5, 7 மடங்கு மேற்சுரங்கள் மட்டுமே வலுவாக எழும். கிளாரினெட் அப்படிப்பட்டது. அதை அழுத்தி ஊதினால் சுரம் அடுத்த ஸ்தாயிக்குப் போகாது. மூன்று மடங்குக்குத் தாவி, மேல் ஸ்தாயி பஞ்சமத்தில் போய் நிற்கும். ஏ.கே.சி. நடராஜன் போன்ற மேதைகள் அதில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியது, இந்தத் தாவலுக்கேற்ற தனி விரல் கணக்கைக் கைவசப்படுத்தித்தான். கூம்புக் குழாயிலோ 1, 2, 3, 4 என்று எல்லா மடங்குகளும் எழுகின்றன. கொஞ்சம் வலுத்து ஊதினால் அதே விரல் பிடியில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேசும். இரண்டரை ஸ்தாயி அளவுக்குச் சஞ்சாரம் செய்ய ஏழு விரல் துளைகள் போதுமாக இருப்பது இதனால்தான்.

சுருதி குழலின் நீளத்தைப் பொறுத்தது. நீளம் கூடினால் சுருதி இறங்கும். கட்டை என்ற சுருதி அளவில் சொன்னால், திமிரி 4 கட்டையிலோ அதற்கு மேலோ பேசும், பாரி 2 அல்லது 2½ கட்டையில் பேசும். 4 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறங்குவது மூன்று அரைச்சுரம். அதற்கு உள்ளிருக்கும் காற்றின் நீளம் சுமார் 19 சதவீதம் கூடவேண்டும். துளைகளுக்கு இடையிலான தூரமும் அதே விகிதத்தில் விரியும். திமிரியில் ஓடியாடும் விரல்கள் பாரியில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக எட்டிப் பிடிக்கவேண்டும். சின்ன வயதில் குட்டைக் குழலில் பழகிய கை, பெரிய குழலுக்கு மாறும்போது முதலில் திணறுவது இயல்பு.

இனி சுத்த மத்யமத்துக்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் மையமே அந்த ஒரு சுரம்தான்.

பழைய திமிரி நாகசுரத்தில் சுத்த மத்யமம் துல்லியமாக நிற்பதில்லை என்பது வித்வான்களின் நெடுநாள் குறை. அந்தக் குறையோடு வாழ ராஜரத்தினம் பிள்ளைக்கு மனமில்லை. 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அவரைத் ‘தோடி’ ராஜரத்தினம் என்றே உலகம் அழைத்தது. தோடியில் வரும் மத்யமம் சுத்த மத்யமம். ராகத்தையே தன் பெயராக்கிக்கொண்ட ஒருவருக்கு அந்த ராகத்தின் நடுச்சுரம் கையில் நழுவினால் எப்படி இருக்கும்? கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் பரம்பரையாக நாகசுரம் செய்யும் ஆசாரிகள் இருக்கிறார்கள். அவர்களில் ரங்கநாதன் ஆசாரி ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்காகக் குழலை நீட்டி, துளைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசுகிற பாரியை உருவாக்கினார். காருகுறிச்சியார் சினிமாவில் வாசித்த ஆபேரியிலும் வருவது சுத்த மத்யமம்தான். நரசிங்கம்பேட்டைப் பட்டறையில் தீர்ந்த சிக்கலின் பலனைக் கோவில்பட்டியிலிருந்து வந்த சீடர் ஊரறியச் செய்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தச் சுரம் கொஞ்சம் விலகினால் என்ன குடிமுழுகிவிடும்? இதற்குக் கணக்கு இருக்கிறது. 2 கட்டைச் சட்ஜம் சுமார் 294 ஹெர்ட்ஸ். சுத்த மத்யமம் அதன் 4/3 பங்கு, அதாவது 392. அதற்கு அடுத்த மேல் சுரமான பிரதி மத்யமம் 45/32 பங்கு, சுமார் 413. இரண்டுக்கும் நடுவே 21 ஹெர்ட்ஸ்தான். பின்னால் ஒத்து என்ற துணைக்குழல் இடைவிடாமல் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சட்ஜத்தின் நான்காவது மடங்கு 1176 ஹெர்ட்ஸ். சுத்த மத்யமத்தின் மூன்றாவது மடங்கும் 1176. கூம்புக் குழலில் எல்லா மடங்குகளும் வலுவாக இருப்பதால் இந்த இரண்டும் நன்றாகவே கேட்கும். ஒன்றோடு ஒன்று பொருந்தினால் ஒலி அசையாமல் நிற்கும். மத்யமம் 5 ஹெர்ட்ஸ் மட்டும் ஏறி 397 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதன் மூன்றாவது மடங்கு 1191. ஒத்தின் 1176க்கும் இதற்கும் 15 வித்தியாசம். ஒலி நொடிக்கு 15 முறை வலுத்துத் தணியும், அதாவது 15 விம்மல்கள். காதில் அது கரகரப்பாக விழும். விரைந்து போகிற சங்கதியில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். தோடி ஆலாபனையில் மத்யமத்தைப் பிடித்து நிறுத்தும்போது பந்தலில் இருக்கிற அத்தனை பேருக்கும் உறுத்தும். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் உறுத்தும்.

அப்படியானால் துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் தீர்ந்ததே என்று தோன்றலாம். பட்டறையில் அது அவ்வளவு எளிதில்லை. கூம்பின் கற்பனை முனையிலிருந்து அளந்தால், 4 கட்டைக் குழலில் சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே காற்றின் நீளத்தில் 2 செ.மீ. அளவே வேறுபாடு, 2 கட்டையில் 2.3 செ.மீ. இரண்டு மத்யமத்துக்கும் சேர்த்து ஒரு துளைதான் இருக்க முடியும். அது இரண்டில் ஒன்றுக்கு அருகில்தான் நிற்கும். மற்றதை வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் விரல் மறைப்பாலும் வரவழைக்கவேண்டும். துளையைப் பாதி மறைத்தால் சுரம் இறங்கும். ஆனால் அந்தச் சுரத்தின் மேற்சுரங்கள் அடிப்படையோடு சரிவரப் பொருந்தாமல் ஒலி மங்கும், நிலையாகவும் நிற்காது. துளையின் அகலமும் கணக்கில் வரும்: அகலமாக்கினால் சுரம் ஏறும், சிறிதாக்கினால் இறங்கும். துளையின் சுவர்க்கனம் கூடினாலும் இறங்கும். அதோடு, ஒரு துளையைத் திறக்கும்போது அதற்குக் கீழே திறந்திருக்கிற துளைகளும் அந்தச் சுரத்தைத் தொட்டுவிடுகின்றன. மத்யமத்தைச் சரி செய்யப்போய் காந்தாரம் கெடும். காந்தாரத்தைச் சரி செய்தால் மேல் ஸ்தாயி பிசகும். ஏழு துளைகளையும் ஒரே சமயத்தில் தீர்க்கவேண்டிய சமன்பாடு இது. ஆசாரி அதைத் துரப்பணத்தாலும் காதாலும் தீர்த்தார். எதிரே உட்கார்ந்து ஊதிப் பார்த்துச் சொல்ல ஒரு ராஜரத்தினம் பிள்ளை இருந்தார். நீளம் கூட்டியது மட்டும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடாது என்பதை மேலே உள்ள எண்களே காட்டுகின்றன. நீளத்தை மாற்றும்போது துளைகளை முதலிலிருந்து வகுக்கவேண்டி வந்ததே, அந்த வாய்ப்பை இருவரும் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதே என் ஊகம்.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஆச்சா மரத்தைப் புகழ்ந்தார்கள். இந்திய மரங்களில் மிகக் கனமானவற்றில் அது ஒன்று. ஆசாரிகள் பச்சை மரத்தைத் தொடமாட்டார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல தலைமுறை காய்ந்த தூணையும் உத்தரத்தையும் தேடிப் பிடித்து வாங்குவார்கள். மரத்தில்தான் நாதம் இருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை.

அறிவியல் இந்த நம்பிக்கையைச் சற்று நகர்த்தி வைக்கிறது. 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் உள்ளளவு ஒன்றேயான மூன்று புல்லாங்குழல்களைச் செய்தார்: ஒன்று மெல்லிய வெள்ளி, ஒன்று தடித்த செம்பு, ஒன்று மரம். வாய்ப்பகுதி மூன்றிலும் ஒரே மாதிரி. மறைவிலிருந்து வாசித்தபோது கேட்டவர்களால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. எது எது என்று தெரியாதபடி கையில் கொடுத்தபோது வாசித்தவர்களாலும் இனம் காண முடியவில்லை. வயலினிலும் இப்படி ஒரு சோதனை நடந்தது. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் தேர்ந்த வயலின் கலைஞர்கள் 21 பேரின் கண்களை மறைத்து, புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பழையது எது என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதிகம் பேர் விரும்பியது புதிய வயலின் ஒன்றை. முடிவு 2012இல் வெளிவந்தது.

ஆகவே ஆச்சா மரத்துக்கு மகிமை இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். காற்று வாத்தியத்தில் ஒலிப்பது மரம் அல்ல, உள்ளே இருக்கிற காற்று. மரத்தின் வேலை அந்தக் காற்றுக்கு அசையாத, வழுவழுப்பான சுவராக இருப்பது. சுவரை ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு, காற்று உரசி ஆற்றலை இழக்கிறது. உள்துளையில் பிசிறும் நுண்துவாரமும் அந்த அளவுக்கு இருந்தாலே இழப்பு கூடி, மேற்சுரங்கள் மங்கிவிடும். நெருக்கமான இழையுள்ள கன மரத்தைக் கடைந்தால் சுவர் பளிங்குபோல் வரும். இன்னொரு வேலையும் உண்டு. மணிக்கணக்கில் வெதுவெதுப்பான ஈர மூச்சு உள்ளே போகிறது. ஈரம் ஏறி, உலர்ந்து, மறுபடி ஏறினாலும் கோணாமல் வெடிக்காமல் இருக்கவேண்டும். பல தலைமுறை வெயிலும் மழையும் பார்த்த உத்தரம் இனிமேல் அசைவதற்கு ஒன்றுமில்லை. ஆசாரி அதைத் தேர்ந்தெடுப்பதன் நியாயம் முழுக்க முழுக்கச் சரி. காரணத்தைத்தான் நாம் வேறிடத்தில் வைக்கவேண்டும்.

உண்மையான தேர்வு குழலின் மேல்முனையில் நடக்கிறது. ஒரு நாயனக்காரர் கச்சேரிக்கு முன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். குழலின் தலையில் நூலில் தொங்குகிற சீவாளிகளில் ஒன்றை எடுப்பார். வாயில் வைத்து எச்சிலில் ஊறவிடுவார். ஊசிபோன்ற குச்சியை உள்ளே விட்டு இதழ்களைக் கொஞ்சம் நெகிழ்த்துவார். குழலில் செருகாமல் வெறும் சீவாளியை மட்டும் ஊதிப் பார்ப்பார். திருப்தியில்லை என்றால் ஓரத்தை விரலால் நசுக்குவார், அல்லது தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். பிறகு கெண்டை என்ற சின்ன உலோகக் குழாயில் செருகி, நூலைச் சுற்றி இறுக்கி, ஒரு சட்ஜம் பிடிப்பார். அருகில் தவில்காரர் வார் பிடித்து முடிக்கும்வரை இது நடக்கும். பார்வைக்குச் சடங்குபோல் தெரிகிற இது, மிக நுட்பமான ஒரு பரிசோதனை.

காரணம் இதுதான். கூம்பு கூராக முடியவேண்டும். ஆனால் கூர்முனையில் யாராலும் வாய் வைத்து ஊத முடியாது. முனையை வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய முனையில் இருந்திருக்கவேண்டிய காற்றின் கொள்ளளவை வேறு எதுவோ ஈடுகட்டாவிட்டால் குழல் தன்னைக் கூம்பாக நினைத்துக்கொள்ளாது. ஸ்தாயிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். ஈடுகட்டுவது கெண்டையும் சீவாளியும். அவற்றின் உள் இடம் கூட்டல் சீவாளி நெகிழ்வதால் கிடைக்கும் கூடுதல் இடம், வெட்டிய முனையின் கொள்ளளவுக்குச் சமமாகவேண்டும். இடம் குறைந்தால் மேல் சுரங்கள் ஏறிப் பேசும்; கூடினால் இறங்கும். கீழ் ஸ்தாயியை விட மேல் ஸ்தாயி அதிகம் பிசகும், ஏனென்றால் அலைநீளம் குறையக் குறைய முனையில் உள்ள சின்னக் குறையும் பெரிதாகத் தெரியும். நெகிழ்வான சீவாளி கணக்கில் அதிக இடத்துக்குச் சமம்; விறைப்பான சீவாளி குறைந்த இடத்துக்குச் சமம். கொறுக்கைத் தட்டையிலிருந்து செய்யப்படும் இந்தச் சிறு பொருள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். நேற்று பேசியது இன்று பேசாது. திருவாவடுதுறைப் பக்கத்துச் சீவாளியை வித்வான்கள் தேடிப் போவதும், பிடித்த சீவாளியைப் பொன்போல் காப்பாற்றுவதும் இதனால்தான்.

டிரம்பெட் கலைஞரின் தேடலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. ஜாஸ் கலைஞர் வாசிக்கிற டிரம்பெட்டின் குழாய் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், பெரும்பகுதி ஒரே அகலம். உதடு அடைத்த முனை. வெறும் குழாயாக விட்டால் 1, 3, 5 மடங்குகள்தான் வரும். முடிவில் உள்ள விரிந்த மணிவாயும், தொடக்கத்தில் உள்ள கிண்ணம்போன்ற ஊதுவாயும் சேர்ந்து அந்த ஒத்ததிர்வுகளைத் தள்ளித் தள்ளி 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவருகின்றன. ஊதுவாயின் கொள்ளளவு சற்று மாறினால் வரிசை குலையும். அதனால்தான் தொழில்முறைக் கலைஞர்கள் டிரம்பெட்டை மாற்றுவதை விட அதிகமாக ஊதுவாயை மாற்றிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஊதுவாய், நமக்குச் சீவாளியும் கெண்டையும். சில சமயம் பொருத்தம் தற்செயலாகவும் அமையும். 1953 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு விருந்தில் ஜாஸ் கலைஞர் டிஸி கில்லெஸ்பியின் டிரம்பெட் மேல் யாரோ விழுந்து மணிவாய் மேல்நோக்கி வளைந்துவிட்டது. ஊதிப் பார்த்தவருக்குத் தன் ஒலி தன் காதுக்கு முன்பைவிட நன்றாக எட்டுவதாகத் தோன்றியது. அதன்பின் வளைந்த வாய் கொண்ட டிரம்பெட்டையே செய்வித்து வாசித்தார்.

ஊதுகிறவரின் உடலும் கணக்கில் சேர்த்திதான். 2008இல் சிட்னி ஆய்வாளர்கள், சாக்ஸபோனில் மிக உயர்ந்த சுரங்களை எட்டுகிற தேர்ந்த கலைஞர்கள் தங்கள் தொண்டையையும் வாயறையையும் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணுக்கு இசைத்துக்கொள்கிறார்கள் என்று அளந்து காட்டினார்கள். பழகாதவர்களுக்கு அது வரவில்லை. நாகசுரத்தில் கமகத்தின் பெரும்பங்கு உதட்டிலும் மூச்சிலும் நடப்பதால், அங்கும் வாயறைக்குப் பங்கு இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். ஒருவருக்குப் பேசுகிற குழல் இன்னொருவர் கையில் ஊமையாவதற்கு இதுவும் காரணமாகலாம்.

இனி இடம். குலசேகரன்பட்டினம் கடற்கரையில் கூரை இல்லை, சுவர் இல்லை. திரும்பி வந்து காதில் சேர எதிரொலி இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. காற்று கடலிலிருந்து வீசினால் இன்னொரு விளையாட்டும் உண்டு. தரைக்கு அருகில் காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். அதனால் காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து, கேட்பவர்களின் தலைக்கு மேலே போய்விடும். காற்றின் திசையில் செல்வது கீழே வளைந்து வெகுதூரம் கேட்கும். மேளத்துக்குக் கடல் பக்கம் நிற்பவர்களுக்கு ஒலி மங்கி, ஊர்ப் பக்கம் நிற்பவர்களுக்கு வலுத்துக் கேட்பது இதனால். அலையின் இரைச்சலும் தவிலின் அதிர்வும் தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களை நிரப்பிவிடுகின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. சுருதி கூடிய திமிரியின் குறைந்த வரிசை மேற்சுரங்களே, அதாவது வலுவான மேற்சுரங்களே, அந்த இடத்தில் போய் விழுகின்றன. பாரியில் அங்கே விழுவன இன்னும் மேல் வரிசை மேற்சுரங்கள். அவற்றில் ஆற்றல் குறைவு. தசராவில் திமிரி வெல்வது முரட்டுத்தனத்தால் இல்லை. அந்த இடத்துக்கு அதுவே சரியான வாத்தியம். நையாண்டி மேளத்தைக் கச்சேரி நாகசுரத்துக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்குக்கு முன்னால் காருகுறிச்சியார் வாசித்தபோது கடலோடு போட்டியில்லை. அங்கே சுரத்தின் நுணுக்கத்துக்கு இடமிருந்தது.

வெப்பமும் சுருதியைத் தொடும். காற்றில் ஒலியின் வேகம் 30 டிகிரியில் நொடிக்கு 349 மீட்டர். ஒரு டிகிரி கூடினால் 0.6 மீட்டர் கூடும். குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி மாறினால் 294 ஹெர்ட்ஸ் சட்ஜம் 299க்கு ஏறும். மூச்சின் சூடு ஓரளவு சமன் செய்தாலும், உச்சி வெயிலில் ஊர்வலமும் இரவுக் கடற்காற்றும் ஒன்றாக இராது. பழைய நாளில் பக்கத்தில் ஒத்து ஊதுவார்கள். விரல் துளை இல்லாத நீண்ட குழல் அது. அதற்குள்ளும் அதே காற்று, அதே சூடு. நாகசுரம் ஏறினால் ஒத்தும் கூடவே ஏறும். இரண்டுக்கும் உள்ள உறவு கெடாது. இன்று அந்த இடத்தில் மின்னணுச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. அதற்கு வெயிலும் தெரியாது, பனியும் தெரியாது. அது நின்ற இடத்தில் நிற்கும். வித்வான்தான் கெண்டையை இழுத்தும் தள்ளியும், சீவாளியை மாற்றியும் அதனிடம் போய்ச் சேரவேண்டியிருக்கிறது. ஒத்து ஊத ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மை, கூலியும் ஒரு கேள்வி. ஆனால் ஒலியியல் கணக்கில் ஒத்து போனது ஒரு நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

புதுக் குழல் வாங்க நரசிங்கம்பேட்டை போகிறவர் தன் சீவாளியையும் கெண்டையையும் கூடவே எடுத்துப்போவது நல்லது. மேலே சொன்ன கூம்பு முனைக் கணக்கு அந்தச் சீவாளியோடு சேர்ந்துதான் தீரும். பட்டறையில் கிடக்கும் வேறொரு சீவாளியில் நன்றாகப் பேசிய குழல் வீட்டுக்கு வந்ததும் மேல் ஸ்தாயியில் பிசகலாம். சட்ஜத்தைப் பிடித்துச் சுத்த மத்யமத்தை நிறுத்தி, மூச்சைக் கூட்டாமல் குறைக்காமல் அது அசைகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு அதே விரல் பிடியில் மேல் ஸ்தாயி மத்யமம். இரண்டும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலைக்காகவே ஆசாரி உலவின் கீழ்ப்பகுதியில், விரல் எட்டாத இடத்தில், ஐந்து துளைகளை விட்டுவைக்கிறார். வாங்கியவர் தன் சுருதிக்கும் தன் ஊதலுக்கும் ஏற்ப அவற்றில் சிலவற்றை மெழுகால் முழுதாகவும் சிலவற்றைப் பாதியாகவும் அடைத்துக்கொள்வார். பிடிக்கவில்லை என்றால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடைப்பார்.